ஏ/பி சோதனையா, அருகில் அமர்ந்து பார்ப்பதா?

பணம் செலுத்தும் பக்கம் வரை வந்தவர்கள் வாங்காமல் திரும்புவது ஏன் என்பதைக் கண்டறிய, புதிய நிறுவனங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பக்கத்தின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என ஒப்பிடும் ஏ/பி சோதனை துல்லியமானதுதான். ஆனால் வாங்குவோர் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 2.5 ஆக உயர்ந்ததை உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 14,000 பார்வையாளர்கள் தேவைப்படுவதால், நாளுக்கு 200 பேர் வரும் தளத்தில் அது ஐந்து மாதங்களை விழுங்கிவிடும்.

ஐந்து பேரை அழைத்து, அவர்கள் வாங்குவதை அருகிலிருந்து பார்ப்பதோ ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். ஓடிபியைப் படிக்கக் குறுஞ்செய்திக்குச் சென்று திரும்பும் ஒருவர், நிரப்பிய முகவரியெல்லாம் அழிந்திருப்பதைக் கண்டு கைபேசியைக் கீழே வைக்கும் அந்தக் கணத்தை எந்த வரைபடமும் காட்டாது. இப்படி எத்தனை பேர் போகிறார்கள் என்பதற்கு மட்டும் எண்களே துணை. வருகை குறைவாக உள்ளவரை நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பொத்தானின் நிறத்தைப் பிறகு சோதித்துக்கொள்ளலாம்.