குளத்துத் தண்ணியைச் சூடாக்க ஹீட் பம்ப்பா, சோலாரா, கேஸா, விறகா? கொங்கு வீடுகளுக்கான கணக்கு

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வீட்டு நீச்சல் குளம் வருஷத்தில் இரண்டு தடவை குளிர்ந்து போகும். மார்கழி, தையில் குளிர்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனி, ஆடியில் குளிர்வதற்குத்தான் பலர் காரணம் தெரியாமல் முழிக்கிறார்கள். வெளியே வெயில் அடிக்கிறது, குளிர் என்று ஒன்றுமில்லை, ஆனால் தண்ணியில் காலை வைத்தால் சிலிர்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் காரணம். பல்லடம், உடுமலைக் காடுகளில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உங்கள் குளத்தின் மேல் தவழ்ந்து போகும்போது ஈரத்தையும், ஈரத்தோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

எந்த ஹீட்டர் என்று பேசுவதற்கு முன்னால் இந்த இழப்பை அளந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு அடி ஸ்கேல் போதும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் குளத்தில் 40,000 லிட்டர் பிடிக்கும். அதை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 46.5 யூனிட் (கரண்ட் மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்) வெப்பம் வேண்டும். மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் ஆவியாகிப் போயிருக்கிறது; அது கொண்டுபோன வெப்பம் 21 யூனிட்டுக்கு மேல். ஒரே நாளில் 5 மில்லிமீட்டர் இறங்கினால் 108 யூனிட் போச்சு, அதாவது இரண்டே கால் டிகிரி. கசிவா ஆவியா என்று சந்தேகம் வந்தால், குளத்துத் தண்ணியையே ஒரு பக்கெட்டில் நிரப்பிப் படியில் வையுங்கள். பக்கெட்டில் இறங்கிய அளவைவிடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும், ஹீட்டர்காரரை அல்ல.

இந்த இழப்பை அடைப்பது மூடி. 400 முதல் 500 மைக்ரான் கனமுள்ள பபுள் கவரைக் குமிழ் கீழே பார்க்கும்படி விரித்தால், ஆவியாதல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும். எந்த ஹீட்டர் வாங்கினாலும் இது கூடவே வேண்டும்; மூடி வேண்டாம் என்று சொல்பவர் ஹீட்டருக்கும் காசைத் தண்டம் செய்கிறார். குளோரினை அதிகம் போட்ட ராத்திரி மட்டும் மூடாதீர்கள், குமிழெல்லாம் பொரிந்து உதிர்ந்துவிடும். குளிக்கும்போது பாதி சுருட்டி விடக் கூடாது. குழந்தை அடியில் போய்விட்டால் வெளியே தெரியாது. காற்று வரும் மேற்குப் பக்கத்தில் சவுக்கு வேலியோ ஷேடு நெட்டோ கட்டுங்கள். முழுச் சுவர் எழுப்பினால் காற்று தாண்டி வந்து உள்ளே சுழலும். ஓட்டை உள்ள தடுப்புதான் வேகத்தைக் குறைக்கும்.

இனி ஹீட்டர்கள். மேலே சொன்ன குளத்தை 24 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்கு ஏற்ற 233 யூனிட் வெப்பம் வேண்டும். நடுவில் ஆகும் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு இது:

கம்பி ஹீட்டர்: 235 யூனிட் மின்சாரம்.
ஹீட் பம்ப் (காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணிக்கு ஏற்றும் மெஷின், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 5 யூனிட் வெப்பம்): 47 யூனிட், ஃபில்டர் மோட்டார் ஓட்டத்தையும் சேர்த்தால் 60 பக்கம்.
எல்பிஜி: 22 கிலோ, அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றேகாலுக்குள்.
காய்ந்த விறகு: 90 முதல் 100 கிலோ.
சோலார் பாய் (தண்ணியை ஓட விட்டு வெயிலில் சூடாக்க மாடியில் விரிப்பது), 25 சதுர மீட்டர்: நல்ல வெயிலில் மூன்று நாள்.

கம்பி ஹீட்டரை முதலில் தள்ளிவிடலாம். விலை குறைவு, பொருத்துவதும் சுலபம், ஆனால் மூடி போட்ட குளம் ஒரு ராத்திரியில் ஒரு டிகிரி இழந்தாலும் அதை ஈடுகட்ட மட்டும் தினம் 46 யூனிட் வாங்கும். இரண்டு மாதத்துக்கு 2,800 யூனிட். குளம் வைத்த வீட்டு மீட்டர் எப்படியும் 1,000 யூனிட் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாயைத் தாண்டும். ஆக, 30,000 ரூபாய்க்கு மேல். அதோடு போர் தண்ணி கம்பியில் சுண்ணாம்பாகப் படிந்து, பாத்ரூம் கீசரில் நடப்பதே இங்கேயும் நடக்கும்.

கேஸ் வேகத்தில் ராஜா. 60 கிலோவாட் பர்னர் நாலு மணி நேரத்தில் வேலையை முடிக்கும். 15 கிலோவாட் ஹீட் பம்ப்புக்கு 16 மணி நேரம் ஆகும். விலையை ஒப்பிட ஒரு குறுக்கு வழி: வணிக சிலிண்டர் விலையை 200-ஆல் வகுங்கள், ஹீட் பம்ப்புக்கு ஒரு யூனிட் மின்கட்டணத்தை 5-ஆல் வகுங்கள். சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட் வெப்பம் 9 ரூபாய். ஹீட் பம்ப்பில் இரண்டரை ரூபாய்க்குள். மாதம் ஒரு தடவை மட்டும் சொந்தக்காரர்கள் வந்து போகும் தோட்டத்து வீட்டுக்குக் கேஸ் சரி. தினமும் நீந்துபவருக்குச் சரிப்படாது. சமையலுக்கு வாங்கும் 14.2 கிலோ சிலிண்டரை இதில் மாட்டுவது சட்டப்படி தப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விறகு பாய்லர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களின் ஆசை. மட்டையும் பாளையும் சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். 100 கிலோ எரிக்க ஒரு ஆள் அரை நாள் நிற்க வேண்டும், அந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேங்காய்த் தொட்டியைக் காங்கேயம் பக்கம் கரிக்கு நல்ல விலை கொடுத்து எடுக்கிறார்கள், அதை எரிப்பது நஷ்டம். இருந்தும் விறகுதான் என்றால், குளத்துத் தண்ணியை நேராகச் செம்புக் குழாயில் ஓட விடாதீர்கள். குளோரினும் குறைந்த பிஎச்சும் சேர்ந்து செம்பைக் கரைத்து, டைல்ஸில் பச்சையும் நீலமுமாகக் கறை ஏற்றும். பாய்லர் தண்ணி தனிச் சுற்றாக ஓடட்டும், நடுவில் தண்ணி கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் பிளேட் எக்ஸ்சேஞ்சர் வையுங்கள்.

உண்மையான போட்டி சோலார் பாய்க்கும் ஹீட் பம்ப்புக்கும்தான். மொட்டை மாடியில் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பாய்க்குக் கண்ணாடி கிடையாது. குளத்து மேற்பரப்பில் முக்கால் பங்காவது பரப்பு வேண்டும், நமக்கு 25 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் நல்ல வெயிலில் நாளைக்கு சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். ஓட்டச் செலவு ஃபில்டர் மோட்டாருக்கு மட்டும். தையில் அருமையாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். ஆனி, ஆடியில் வெயில் தெரிந்தாலும், மேலே அடிக்கும் காற்று பாயின் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணிக்குச் சூடு தேவைப்படும் அதே நாளில் பாயும் கைவிடுகிறது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பாய் எம்மாத்திரம். குறுக்கே ஸ்டிராப் போட்டு இறுக்காமல் விட்டால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார். மோட்டார் நின்றதும் தண்ணி கீழே இறங்கும்போது காற்று உள்ளே போக மாடியில் வேக்கம் ரிலீஃப் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் குழாய்கள் உறிஞ்சி நசுங்கும்.

அதே மாடியில் 3 கிலோவாட் சோலார் மின்தகடு வைத்தால் என்ன? 15, 16 சதுர மீட்டர்தான் பிடிக்கும். கோவை வட்டாரத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றால் 12 யூனிட். அதை ஹீட் பம்ப்பில் கொடுத்தால் 60 யூனிட் வெப்பம். சதுர மீட்டருக்கு 4 யூனிட் பக்கம் வருகிறது, பாயைவிட அதிகம். சித்திரையில் பாய் சும்மா காயும். மின்தகடு ஏசியை ஓட்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மூடி போட்ட குளத்தைத் தினமும் சூட்டோடு வைத்திருக்க ஹீட் பம்ப்புக்கு 9, 10 யூனிட் ஆகும், ஃபில்டர் மோட்டார் தனி. அந்த 3 கிலோவாட் தகட்டுக்கு இது கச்சிதமான வேலை. எனவே இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு ஹீட் பம்ப்தான் பதில். மாடி முழுக்க வெறுமையாகக் கிடந்து, முதலீட்டுக்குக் கை இறுக்கமாக இருந்தால் மட்டும் பாய்.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டது. காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி, கம்ப்ரசரில் ஏற்றி, தண்ணிக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்பதுதான் சிஓபி. கேட்டலாகில் இரண்டு வரி இருக்கும்: காற்று 26 அல்லது 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று ஒன்று, காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 70 என்று இன்னொன்று. முதல் வரியில் 15 கிலோவாட் காட்டும் மெஷின் இரண்டாவதில் 10, 11-க்கு இறங்கிவிடும். கோவையில் மார்கழிப் பகல் 28, 29 டிகிரி, விடியற்காலை 18 பக்கம். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை ஓட்டினால் முதல் வரிக்கு நெருங்கிய பலன் கிடைக்கும். ராத்திரி ஓட்டினால் இரண்டாவது வரி. ஆனைகட்டி, ஆழியார் அடிவாரங்களில் இரண்டாவது வரியை வைத்தே கணக்குப் போடுங்கள். விற்பவர் முதல் வரியை மட்டும்தான் காட்டுவார்.

இன்வெர்ட்டர் மாடல் அரை வேகத்தில் ஓடும்போதுதான் சிக்கனம். தினமும் சூடு பிடித்து வைப்பவர்கள் வாங்கலாம். வாரக் கடைசிக்கு மட்டும் முழு வேகத்தில் விரட்டுபவர்களுக்குக் கூடுதல் காசு திரும்பி வராது.

ஹீட் பம்ப் சரியாக வேலை செய்யவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் மெஷின் மேல் தப்பு இருக்காது, மாட்டியதில் இருக்கும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று மோட்டார் ரூமுக்குள் தள்ளிவிடுவார்கள். ஃபேன் தள்ளும் குளிர்ந்த காற்றையே மெஷின் மறுபடி உறிஞ்சி, காயிலில் பனி பிடித்து நின்றுவிடும். முன்னால் இரண்டரை மீட்டர், பின்னால் அரை மீட்டர் திறந்த வெளி வேண்டும். அதே ரூமில் ஆசிட் கேனும் குளோரின் டப்பாவும் வைத்தால் ஆவி அலுமினியத் தகடுகளை அரித்துத் தூளாக்கும்.

குழாய் வரிசை இது: மோட்டார், சாண்ட் ஃபில்டர், ஹீட் பம்ப், கடைசியில் குளோரினேட்டர். முன்பின் மாறினால் அடர்ந்த குளோரின் நேராக எக்ஸ்சேஞ்சருக்குள் போகும். மோட்டார் நின்றபின் பின்னோக்கி வராமல் நடுவில் ஒரு செக் வால்வும் வையுங்கள். எக்ஸ்சேஞ்சர் டைட்டானியமாக இருக்க வேண்டும், இதில் பேரம் கூடாது. மூன்று பால் வால்வு போட்டு பைபாஸ் எடுங்கள். 15 கிலோவாட் மெஷினுக்கு மணிக்கு 6,500 லிட்டர் போனால் வெளியே வரும் தண்ணி உள்ளே போனதைவிட 2 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். கையில் தொட்டுப் பார்த்துவிட்டு 'சூடே வரலை' என்று வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அப்போது ஃப்ளோ சுவிட்ச் மெஷினை நிறுத்தும், இல்லை என்றால் பிரஷர் ஏறி எர்ரர் காட்டும். 2 டிகிரி வித்தியாசம் ஆரோக்கியத்தின் அடையாளம்.

தெர்மோஸ்டாட்டை 40-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. அதேபோல, ஃபில்டரை 4 மணி நேரம் ஓட்டும் டைமரை அப்படியே விட்டால் சூடும் 4 மணி நேரத்துக்குத்தான் ஏறும். அடியில் சொட்டும் தண்ணியைப் பார்த்துக் கசிவு என்று பயப்படுவதும் சகஜம். வீட்டில் கிடக்கும் டிடிஎஸ் மீட்டரை அதில் முக்குங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் காற்றின் ஈரம். குளத்தின் அளவையே காட்டினால்தான் கசிவு.

கரண்ட் விஷயம். 15 கிலோவாட் மெஷின் 3 கிலோவாட் பக்கம்தான் இழுக்கும், சிங்கிள் பேஸில் 14 ஆம்பியர். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தனி எர்த். குளத்து விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். பெரிய த்ரீ பேஸ் மெஷின் என்றால் பேஸ் சீக்வென்ஸ் ரிலே கட்டாயம். கம்பம் ஏறிய லைன்மேன் இரண்டு ஒயரை மாற்றிக் கட்டிவிட்டுப் போனால் கிணத்து மோட்டார் திருப்பிச் சுற்றும், தண்ணி வராது, தெரிந்துவிடும். ஸ்க்ரோல் கம்ப்ரசர் திருப்பிச் சுற்றினால் சீக்கிரமே செத்துப்போகும். தோட்டத்து மோட்டாருக்கு வைக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இதற்கும் வேண்டும்.

போர் தண்ணிதான் நிரந்தரத் தலைவலி. டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் சுண்ணாம்பு படியும். தண்ணி ஆவியாக ஆவியாக உப்பு அங்கேயே தங்கி, மேலும் மேலும் போர் தண்ணி விட்டு நிரப்பும்போது கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். பிஎச் 7.2 முதல் 7.6-க்குள், கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்குள் நிற்கட்டும். தாண்டினால் கால்வாசித் தண்ணியை இறக்கிவிட்டு ஆற்றுத் தண்ணி லாரியோ மழைத் தண்ணியோ விடுங்கள். ஹீட் பம்ப்பின் காயில் கம்பி ஹீட்டர் அளவுக்குக் கொதிப்பதில்லை என்பதால் படிவது மெதுவாகத்தான். தண்ணி அதே அளவில் ஓடியும் சிஓபி இறங்கிப் பிரஷர் எர்ரர் அடிக்கடி வந்தால், எக்ஸ்சேஞ்சரை பைபாஸ் செய்து கழற்றி, கம்பெனி சொன்ன அளவில் கரைத்த மெல்லிய ஆசிடை விட்டுச் சுற்ற வைக்க வேண்டும்.

ஓவர்ஃப்ளோ குளம் கட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் விளிம்பில் வழிந்து பேலன்சிங் டேங்குக்கு ஓடும் தண்ணி வழியெல்லாம் சூட்டை இழக்கும், மூடி போட்டாலும் அந்த ஓட்டம் நிற்காது. குளிக்காத நேரத்தில் டேங்க் வால்வை மூடி, அடி டிரெயினிலிருந்து மட்டும் உறிஞ்சும்படி மாற்றி ஓட்டுங்கள். அந்த வால்வு குழாயில் இல்லாத குளத்துக்கு ஹீட் பம்ப்பை ஒரு அளவு பெரியதாக வாங்குவதைவிட, வால்வைப் போட ஆகும் செலவு குறைவு.