கூகுளா, டக்டக்கோவா: எதை எங்கே தேடுவது?

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘எனது செயல்பாடு’ பக்கத்தைத் திறந்து கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். என்றோ ஒரு நாள் நள்ளிரவு 2.40-க்கு ‘குழந்தைக்கு 103 காய்ச்சல்’ என்று பதறிப்போய் அடித்தது நிமிடம் பிசகாமல் அங்கே இருக்கலாம். வீட்டில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளும்தான்.

கூகுள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில், அதுவும் பிழையோடு அடித்தாலும் அதற்குப் புரிகிறது. கோடிக்கணக்கானவர்கள் தப்பாய் அடித்துத் திருத்தியதைப் பார்த்துக் கற்றதும் அதற்கு ஒரு காரணம். நம்மிடம் வாங்கியதில் கொஞ்சம் நமக்கே திரும்புகிறது.

சரி, மீதி எங்கே போகிறது? விளம்பரத்துக்கு என்பது ஊரறிந்தது. என்னை உறுத்துவது, சேர்த்து வைத்தது ஒரு நாள் வேறு கைக்குப் போய்விடுமே என்பதுதான். 2006 ஆகஸ்ட்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை ஆய்வுக்கென்று இணையத்தில் போட்டது. பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்திருந்தார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். மரத்துப்போகும் விரல், நாயின் தொல்லை, ஊர்ப் பெயர் என்று அவர் தேடியவையே காட்டிக்கொடுத்துவிட்டன. 2020-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்த வழக்கில், அந்த முகவரியைத் தேடியவர்கள் யார் என்று போலீஸ் கூகுளிடம் நீதிமன்ற ஆணையோடு கேட்டு வாங்கியது. குற்றவாளி பிடிபட வேண்டியதுதான். ஆனால் சும்மா தேடியவரும் அதே வலையில்தான் சிக்குவார்.

உலாவியின் மறைநிலையில் (இன்காக்னிட்டோ) தேடினால் போதும் என்பவர்களுக்கு: அதிலும் தரவு திரட்டியதாகக் கூகுள் மீது 2020-இல் வழக்கு வந்தது. பழைய பதிவுகளை அழிக்க 2024-இல் அது ஒப்புக்கொண்டது.

2008-இல் தொடங்கிய டக்டக்கோ என்ற தேடுபொறி, தேடியவர் யாரென்று குறித்து வைப்பதில்லை என்கிறது. ‘ஃப்ரிட்ஜ்’ என்று அடித்தால் ஃப்ரிட்ஜ் விளம்பரம், அதோடு சரி. குறித்தே வைக்காததை யாரும் கேட்டு வாங்க முடியாது. அதற்காக அது ஆசிரமம் ஒன்றும் இல்லை. முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருகிறது. 2022-இல் அதன் உலாவி, மற்ற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்ட் கண்காணிப்பு நிரல்கள் சிலவற்றை மட்டும் தடுக்காமல் விட்டது அம்பலமானது. மைக்ரோசாஃப்டுடன் போட்ட ஒப்பந்தம் அப்படி என்றார்கள், சில மாதங்களில் திருத்திக்கொண்டார்கள். நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் என்ற இன்னொரு தேடுபொறி, நம் விவரத்தைக் கொடுக்காமல் கூகுள் முடிவுகளை வாங்கித் தருகிறது. ஆனால் 2019-இல் அதில் முதலீடு செய்ததே ஒரு விளம்பர நிறுவனம்தான்.

என் வழக்கம் இது: நோய், கடன், வக்கீல் சமாச்சாரம் எல்லாம் டக்டக்கோவில். தமிழில் துருவித் தேட வேண்டியதும் கடை, பஸ் நேரமும் கூகுளில். அதிலும் தேடல் பதிவுகள் தானாக அழியும் காலத்தை மூன்று மாதமாக மாற்றி வைத்திருக்கிறேன். 2020-க்கு முந்தைய கணக்கு என்றால் அதை நாமே போய்த்தான் மாற்ற வேண்டும். மாற்றாதவரை பழைய தேடல்கள் அப்படியே கிடக்கும்.