அம்பாசிடருக்கு நாலு ஃபேன் பெல்ட்: 11 வருஷக் கணக்கு

அப்பாவின் 1977 மார்க் 3 அம்பாசிடர் என் கைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வீடு செங்கோட்டையில், மாமியார் வீடு புனலூரில். மாதம் இரண்டு தடவையாவது புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியாக இறங்குவேன். 1489 சிசி இன்ஜின் முக்கி முனகியாவது ஏறிவிடும். ஃபேன் பெல்ட்தான் படுத்தும்.

இந்த வண்டியில் ஒரே பெல்ட். இன்ஜின் சுழற்றும் கிராங்க் புல்லியிலிருந்து (புல்லி என்றால் பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரம்) வாட்டர் பம்பையும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் அதுதான் சுற்றுகிறது. விசிறியும் பம்ப் புல்லியோடு சேர்ந்தது. அறுந்தால் காற்று, தண்ணீர் ஓட்டம், சார்ஜ் மூன்றும் ஒன்றாகப் போகும்.

முதல் பெல்ட் ஒரு கடையில் பல வருஷமாகத் தொங்கிய பழைய ஸ்டாக். "ஒரிஜினல் சார், இனிமே கிடைக்காது" என்றார் கடைக்காரர். ஓடினால்தான் ரப்பர் தேயும் என்று நானும் நம்பினேன். சும்மா தொங்கினாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும் என்பது ஐந்தாம் மாதம் எஸ் வளைவில் புரிந்தது. சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தது. டைனமோ கோளாறாக இருக்கும் என்று இன்னொரு வளைவு ஏறினேன். அதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பின்னால் வைக்கோல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு டிரைவர் அண்ணன் சைக்கிள் டியூபை வெட்டி முடிச்சுப் போட்டுத் தந்தார். கால் கிலோமீட்டர் ஓடியது. ஓரம் கட்ட அது போதும்.

இரண்டாவது, துணி சுற்றிய சாதாரண பெல்ட். விலை குறைவு. ஆனால் குற்றாலச் சாரல் காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்தும், தெருவே எட்டிப் பார்க்கும். கத்தும்போதெல்லாம் டைனமோவை வெளிப்பக்கம் இழுத்து பெல்ட்டை இறுக்கினேன். சத்தம் குறைந்தது, வாட்டர் பம்ப் பேரிங் போனது. பெல்ட் ஸ்பிரேயும் அடித்துப் பார்த்தேன். ஒரு வாரம் அமைதி, பிறகு தூசி ஒட்டி முன்னைவிட மோசம். மூன்றாவதாக வேறு கம்பெனி பெல்ட் வாங்கினேன். அதே கதை.

கடைசியில் புனலூர் ஒர்க்‌ஷாப் ஆசான் பெல்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லியின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "பெல்ட்டை ஏன் சாரே திட்டுறீங்க, புல்லியைப் பாருங்க." பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி மின்னியது. இந்த மாதிரி வி வடிவ பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கச் சுவர்களில்தான், அடியைத் தொடவே கூடாது. சுவர் தேய்ந்து பெல்ட் கீழே உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அதோடு டைனமோ பிராக்கெட்டில் ஒரு வாஷர் இல்லாமல் டைனமோ புல்லி நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தது. பழைய இரும்புக் கடையில் தேயாத புல்லி தேடி மாட்டினோம், ஒரு வாஷர் சேர்த்தோம்.

அதன் பிறகு போட்டதுதான் நாலாவது: உள்பக்கம் பல் வெட்டிய, இபிடிஎம் என்ற சூடு தாங்கும் செயற்கை ரப்பர் பெல்ட். 6 வருஷம், 26,000 கிலோமீட்டர், இன்னும் ஓடுகிறது. அந்தப் பற்கள் எதையும் கவ்வுவதற்கில்லை; சின்ன டைனமோ புல்லியில் பெல்ட் எளிதாக வளைவதற்கும் சூடு குறைவதற்கும்தான். குறை என்றால் விலை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெடிப்பு விழுந்தாலும் பற்களின் இடுக்கில்தான் விழும், டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தேய்ந்த புல்லியில் இதைப் போட்டிருந்தால் இதுவும் கத்தியிருக்கும்.

வாங்கப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் குறைந்தாலும் பள்ளத்தின் அடியில்தான் உட்காரும். மாட்டும்போது டைனமோ போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜின் பக்கம் தள்ளிவிட்டு மாட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும், வெளியே தெரியாது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இன்ச் இறங்க வேண்டும். முதல் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், மறுபடி பாருங்கள்.

மூன்றாவது பெல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. கறுப்புப் பையில் சுற்றி, அரை இன்ச் ஸ்பேனரோடு டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கிறது. மாமியார் பலாப்பழம் ஏற்றிவிடும் மாதங்களில் மட்டும் முன்சீட்டுக்கு வந்துவிடும்.