நான்கு வட்டுகளில் ஸ்ட்ரைப் செய்த தரவுத்தளம்: ஐந்தாவது வட்டு வந்த பிறகு

"கூடுதலாக ஒரு வட்டு கொடுத்திருக்கிறோம்" என்று சேமிப்பகக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூள்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் தரவுத்தளம் நான்கு வட்டுகளில் ஸ்ட்ரைப் செய்யப்பட்டது, அதாவது தரவு துண்டு துண்டாக நான்கிலும் மாறி மாறி எழுதப்படுகிறது. கொடுப்பதென்றால் நான்காகக் கொடுக்க வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் அவர்களுக்கு இது ஏறவில்லை.

ஹட்டனில் வீட்டிலிருந்தபடி, கடல் கடந்து இருக்கும் ஒரு ஐபிஎம் மெயின்பிரேமில் (பெருங்கணினியில்) ஓடும் லினக்ஸையும் அதன் மேலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் பராமரிப்பது என் வேலை. பண்டாரவளையில் இதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், "ஸ்ட்ரைப் போட்டால் உண்மையிலேயே வேகம் கிடைக்குமா அண்ணா?" என்று கேட்டார். கிடைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெயின்பிரேமுக்கே உரிய ஈசிகேடி வகை வட்டு ஒன்றில், பேவ் வசதி (ஒரே வட்டுக்கு ஒரே நேரத்தில் பல வேலைகளை அனுப்ப விடுவது) இல்லாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாசிப்போ எழுத்தோதான் நடக்கும். மற்றவை காத்து நிற்கும். லினக்ஸில் பல வட்டுகளைச் சேர்த்து ஒரே இடமாக்கித் தரும் எல்விஎம்மை அதன் போக்கில் விட்டால் முதல் வட்டு நிரம்பிய பிறகுதான் அடுத்ததைத் தொடும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நான்கு தராசு இருந்தும் எல்லோரையும் ஒரே தராசுக்கு முன்னால் நிறுத்தி வைப்பது போன்றது அது. ஸ்ட்ரைப் செய்தால் 64 கிலோபைட் ஒரு வட்டில், அடுத்த 64 அடுத்ததில் என்று மாறி மாறி இறங்கும். போஸ்ட்கிரெஸ் தரவை எழுதும் அலகான ஒரு பக்கம் 8 கிலோபைட் என்பதால் எட்டுப் பக்கங்களுக்கு ஒரு முறை வட்டு மாறுகிறது. பெரிய அட்டவணையை முழுதாக வாசிக்கும்போது ஒவ்வொரு வட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். நான்கு வரிகளிலும் எண்கள் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வட்டுகள் வரும் டிஎஸ்8000 சேமிப்பகப் பெட்டியில் நான்கு வட்டுகளும் ஒரே ரேங்கிலிருந்து (நிஜ வட்டுகளின் ஒரே கூட்டத்திலிருந்து) வெட்டப்பட்டிருந்தால், லினக்ஸில் நீங்கள் போடும் ஸ்ட்ரைப் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். வெவ்வேறு ரேங்குகளிலிருந்து தரச் சொல்லுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வளர்ச்சிக்கு வருகிறேன். நான்கு பட்டைகளாக (ஸ்ட்ரைப்களாக) உருவாக்கிய வால்யூமை, அதாவது எல்விஎம் சேர்த்துத் தரும் இடத்தை, அதே வடிவில் நீட்ட வேண்டுமானால் நான்கு வட்டுகளில் காலியிடம் இருக்க வேண்டும். ஒரே ஒரு புதிய வட்டைச் சேர்த்துவிட்டு நீட்டுவதற்கான எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையைக் கொடுத்தால், பொருத்தமான இடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். எல்விஎம்மின் வட்டுத் தொகுதியில் ஒரு வட்டு முழுவதும் காலியாகக் கிடக்கும், ஆனாலும் இடமில்லை! மாதக் கடைசி, சம்பளக் கணக்கு ஓட வேண்டும், இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியொரு இரவில் பணியில் இருந்த சக ஊழியர், பட்டை எண்ணிக்கையை ஒன்று என்று கொடுத்து நீட்டிவிட்டார். கட்டளை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை. எல்விஎஸ் கட்டளையில் துண்டுகளை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்: முதல் வரியில் ஸ்ட்ரைப், இரண்டாவது வரியில் லீனியர், அதாவது பட்டையில்லாமல் ஒரே வட்டில்.

அந்த இரண்டாவது வரிதான் என்னை வதைக்கிறது. பழைய பகுதி நிரம்பியிருந்ததால் புதிய தரவெல்லாம் நீட்டிய பகுதியில் போய் இறங்கியது. ஒரு தரவுத்தளத்தில் எல்லோரும் ஓயாமல் தேடுவது புதிய தரவைத்தானே? யாரும் தொடாத பழைய கணக்குகள் நான்கு வட்டுகளில் சொகுசாகப் பரந்து கிடக்க, இந்த மாதக் கணக்கு முழுவதும் ஐந்தாவது வட்டின் தலையில் விழுந்தது. ஐஓஸ்டாட்டில் அந்த ஒரு வட்டு மட்டும் நூறு சதவீதத்தை ஒட்டி நிற்க, மற்ற நான்கும் வேலையின்றிக் கிடந்தன.

சரிசெய்ய நான் நம்பும் வழி ஒன்றுதான்: புதிதாக நான்கு வட்டுகள் வாங்கி, அவற்றில் புதிய ஸ்ட்ரைப் வால்யூம் அமைத்து, அட்டவணைகளை அங்கே நகர்த்துவது. டேபிள்ஸ்பேஸை (அட்டவணை இருக்கும் இடத்தை) மாற்றும்போது அட்டவணை முழுவதும் பூட்டப்படும் என்பதால் இரவில்தான் செய்ய முடியும். எங்கள் பக்கம் மழை பிடித்தால் மின்சாரம் போவது வழக்கம். சர்வரிலேயே ஓடும் டீமக்ஸ் என்ற நிரலுக்குள் வேலையைத் தொடங்கி வைத்ததால், இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே நகர்த்தல் தொடர்ந்து நடந்தது.

இவ்வளவு வேகம் தந்த அமைப்பைத் தம்பிக்குப் பரிந்துரைப்பேனா என்றால், இன்றைய நிலையில் மாட்டேன். ஒவ்வொரு வட்டாகக் கிள்ளிக் கொடுக்கும் சேமிப்பகக் குழு உங்களுக்கும் வாய்த்திருந்தால் ஸ்ட்ரைப் வேண்டாம். பெரிய வட்டு ஒன்றையும் போதிய ஹைப்பர்பேவ் மாற்றுப்பெயர்களையும் கேளுங்கள். ஒரே வட்டுக்கு ஒரே நேரத்தில் பல வேலைகளை அனுப்ப அவை வழிவிடும். பெட்டியே அந்த வட்டைப் பல ரேங்குகளில் பரப்பி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

என்னுடையதை மட்டும் நான் கலைக்கப்போவதில்லை. அடுத்த நான்கு வட்டுகளுக்கான விண்ணப்பத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். நான்கும் ஒரே நாளில் வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.