அலையைக் கற்றுத்தர எது தேவலை: கயிறா, ஸ்பிரிங்கா, காசிமேட்டுக் கடலா?

ராயபுரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு அலைகள் பாடம் தொடங்கும்போதெல்லாம் ஒருவன் கேட்டுவிடுவான்: "இன்னா சார், கடலே பக்கத்துல கீது, கயிறு எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் கயிறு கட்சி.

6 மீட்டர் நைலான் கயிறு போதும். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியை ஒரே ஒரு முறை மேலே உதற வேண்டும். மேடு ஒன்று ஓடிப்போய் ஜன்னலில் மோதி, பள்ளமாகத் திரும்பி வரும். நடுக்கயிற்றில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால், அது இருந்த இடத்திலேயே ஏறி இறங்குமே தவிர ஜன்னல் பக்கம் போகாது. ஓடுவது ஆற்றல்தான், கயிறு இல்லை.

"இன்னும் பலமா உதறினா சீக்கிரம் போய்ச் சேருமா?" என்று கேட்டால் பாதி வகுப்பு ஆமாம் என்கும். சேராது. மேடு உயரமாகும், அதாவது வீச்சு கூடும், அவ்வளவே. வேகம் வேண்டுமானால் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதுவும் வேகம் இருமடங்காக இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

அப்புறம் விடாமல் ஆட்டச் சொல்வேன். நொடிக்கு 1 ஆட்டத்தில் முழுக் கயிறும் ஒரே வளையமாக நிற்கிறது என்று வையுங்கள். ஒரு வளையம் அரை அலைதான்; ஆக அலைநீளம் 12 மீட்டர். இழுவிசையை மாற்றாமல் நொடிக்கு 2 ஆட்டினால் இரண்டு வளையம், 6 மீட்டர். 3 ஆட்டினால் மூன்று வளையம், 4 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் எப்போதும் 12தான். அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதை, அலைநீளத்தால் பெருக்கினால் வேகம் என்பதை அதன்பிறகு யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

கயிறு தோற்கும் இடம் ஒலி. காற்றில் ஒலி நெட்டலையாகப் போகிறது; அலை போகும் திசையிலேயே காற்று முன்னும் பின்னும் ஆடி, நெருங்கி நெகிழ்கிறது. அந்த நெருக்கத்தையும் நெகிழ்வையும் காட்ட ஸ்பிரிங்தான் சரி. தரையில் நீட்டி, நீளவாக்கில் ஒரு தள்ளு. பிளாஸ்டிக் பொம்மை ஸ்பிரிங் வேண்டாம்; ஒருமுறை சிக்கினால் வகுப்பு முழுக்க அதை அவிழ்ப்பதிலேயே போய்விடும்.

கடல்? தொடக்கக்காரனைக் குழப்ப அதைவிட நல்ல பொருள் கிடையாது. அங்கே நீர் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, முன்னும் பின்னும் சேர்ந்து வட்டமடிக்கிறது. தெருமுனைக் கானாவில் சட்டியின் தாளமும் பாட்டும், அலைநீளம் வேறானாலும், ஒரே வேகத்தில் காதுக்கு வருகின்றன. ஆழ்கடலிலோ நீளமான அலை முந்திக்கொள்ளும். ஆழம் குறைந்தால் வேகமும் குறையும். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டரில் ஓடும் சுனாமி, 1 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது நொடிக்கு 3 மீட்டர் அளவுக்குத் தளர்ந்து, அந்த ஆற்றலையெல்லாம் உயரமாக்கிக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26ஐ இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விளிம்பு விளைவை, அதாவது தடையின் ஓரத்தில் அலை வளைந்து பரவுவதை, கயிறு சாகும்வரை காட்டாது. மீன்பிடித் துறைமுகத்தின் வாய்க்குள் நுழையும் அலை, தடுப்புச் சுவருக்குப் பின்னாலும் விசிறிபோல விரிவதைக் காசிமேட்டில் நின்றால் பார்க்கலாம். ரிப்பன் செய்த வேலையை அங்கே பைபர் போட் செய்யும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு.

ஆகவே பாடம் முடிந்தபிறகு ஒரு நாள் கூட்டிப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மீன் வாங்க வரும் கூட்டத்தில் அலை கண்ணிலேயே படாது.