சீகோ 5: கையசைவில் ஏறும் சாவி

7எஸ்26 இயந்திரம் கொண்ட சீகோ 5 கைக்கடிகாரத்தில் என்னை மிகவும் கவர்வது, 1959இல் சீகோ அறிமுகப்படுத்திய ‘மேஜிக் லீவர்’ அமைப்புதான். கை அசையும்போது அரைவட்ட எடைத்தகடு எந்தத் திசையில் சுழன்றாலும், இருகர நெம்புகோலின் ஒரு கரம் பற்சக்கரத்தை இழுக்க, மற்றது தள்ள, சக்கரம் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பிச் சுருள்வில்லை இறுக்குகிறது. வில் முழுதும் இறுகியபின் அதன் வெளிமுனை, வில்லை உள்ளடக்கிய உருளையின் உட்சுவரில் வழுக்கிவிடுவதால், அளவு மீறி முறுக்கேறி அறுந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. இத்தனை குறைந்த உறுப்புகளில் இவ்வளவு நேர்த்தியைக் காண்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. முழுச் சாவியில் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். பக்கவாட்டுத் திருகைக் கையால் சுற்றிச் சாவி கொடுக்க இதில் வழியில்லை என்பது குறைதான். நின்றுபோனால் மெல்ல ஆட்டியே ஓடவைக்க வேண்டும். கையால் சாவி கொடுக்கும் வசதியை விரும்புவோர் 4ஆர்36 இயந்திரமுள்ள மாதிரியை வாங்கலாம்.