கண்ணாடி மூடி போட்ட தேன்பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

"புகை போட வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், நாள் முழுக்க ராணியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்று விளம்பரம் செய்து ஒருவர் தேன்பெட்டிக்குக் கண்ணாடி போன்ற மூடி விற்கிறார். அவரிடம் வாங்கி நான் பட்டதை எழுதிவைக்கிறேன். பெயர் சொல்லவில்லை. இதே சரக்கைப் பல பெயர்களில் பலரும் விற்கிறார்கள், சரக்கை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

வந்தது வெறும் பிளாஸ்டிக் தகடு. சுற்றிலும் மரவிளிம்பு இல்லை, மேலே கவிழ்க்க இன்னொரு மூடியும் இல்லை. கேட்டால், "இதுதாங்க மூடியே. மேல எதையாவது போட்டா அப்புறம் எப்படிப் பார்ப்பீங்க?" என்றார். பாலிகார்பனேட் என்று சொல்லித்தான் விற்றார். திருகுக்குத் துளை போட்டதுமே மூலையிலிருந்து விரிசல் ஓடியது. பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், இப்படி லேசில் விரிசல் விடாது. வந்தது அக்ரிலிக்.

வெயில் ஏறியதும் வேடிக்கை தொடங்கியது. புழு வளரும் அடைகளைத் தேனீக்கள் 34, 35 டிகிரி செல்சியஸிலேயே வைத்திருக்கப் பாடுபடும். தலைக்கு மேல் வெயில் நேராக இறங்கினால் அவை என்ன செய்யும்? தண்ணீர் சுமந்து வந்து உள்ளே தெளித்தன, வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறின. அதுவும் போதாமல் மதியத்தில் கூட்டத்தில் பாதி வெளியே வந்து பெட்டியின் முன்பக்கம் கொத்தாகத் தொங்கியது. தேன் சேர்க்க வேண்டிய வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் விசிறி வேலைக்குப் போய்விட்டன. ராத்திரி குளிர்ந்ததும் நேர்மாறாக, தகட்டின் அடியில் நீர் முத்து முத்தாகப் பூத்து, அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களின் மேல் சொட்டியது.

இதைவிட மோசம் இடைவெளி. தேனீ நடமாட 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை விட்டால் அதை வழியாக வைத்துக்கொள்ளும். குறைந்தால் பிசினால் ஒட்டிவிடும், கூடினால் அங்கே அடை கட்டிவிடும். 1851-இல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் இதைப் பிடித்துக்கொண்டதால்தான் சட்டங்களைத் தனித்தனியாக உருவி எடுக்கும் பெட்டியே வந்தது. விளிம்பில்லாத அந்தத் தகடு சூட்டில் நடுவில் மேலே உப்பிக்கொண்டது. ஓரங்களில் பிசின் பூச்சு, நடுவில் வெள்ளை வெளேரென்று புது அடை. தகட்டைத் தூக்கியபோது அந்த அடை இரண்டாகக் கிழிந்து, தேன் சட்டங்களின் மேல் வழிந்தது. ஆண் தேனீப் புழுக்கள் நசுங்கிக் கிடந்தன. வாசனைக்குப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிட்டன. பெட்டியைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம் என்று வாங்கிய மூடி!

சரி, ராணி? மேலிருந்து பார்த்தால் தெரிவது சட்டங்களின் தலையும், இடுக்குகளில் நிற்கும் தேனீக்களும்தான். எத்தனை இடுக்குகள் நிறைந்திருக்கின்றன, தேன் சேர மேலே அடுக்கும் தேன் அறை வைக்கும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க அது உதவும், மறுக்கவில்லை. முட்டையோ, புழுவின் நோயோ, ராணியோ அடையின் முகத்தில் இருக்கிற விஷயம். அதைப் பார்க்கத்தான் ஒற்றை அடையை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிறுத்தும் பார்வைக்கூடு. பூ இருக்கும் இடத்தை மற்ற தேனீக்களுக்குச் சொல்லும் தேனீ நடனத்தை விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ் அப்படிப்பட்ட கூட்டில்தான் ஆராய்ந்தார். விளம்பரப் படத்தில் பளிச்சென்று இருந்த தகடும் மெழுகும் பிசினும் படிந்து சீக்கிரமே மங்கிவிட்டது.

புகார் சொன்னதும் முதலில் "உங்க கூட்டம் பலவீனம்" என்றார். பிறகு சிவப்புத் தாள் ஒட்டச் சொன்னார், அதற்குத் தனிக் காசு. தேனீ கண்ணுக்குச் சிவப்பு தெரியாது என்பது நிஜம்தான், வெயிலுக்கு அதைப் பற்றி என்ன கவலை? பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "துளை போட்டுட்டீங்களே, பயன்படுத்தின பொருள்" என்று முடித்துவிட்டார். துளை போடச் சொன்னதே அவர் அனுப்பிய குறிப்பு.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தருவது உள்மூடி: மரவிளிம்போடு, தேனீ இடைவெளி விட்டு, அதன்மேல் வெளிச்சம் புகாத, சூடு தாங்கும் மேல்மூடியோடு. பார்க்கும்போது மட்டும் மேல்மூடியைத் தூக்குவார்கள், பார்த்ததும் கவிழ்த்துவிடுவார்கள். ஆகவே வாங்கும் முன் விளிம்பின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், மேல்மூடி சேர்ந்து வருமா, தகடு எந்தப் பொருள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் விற்றவர் இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை எழுத்தில் பதில் தரவில்லை.